தண்ணீர் மேல் குடித்தனம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தின் கால்வாய்களில் படகையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராக நகர்ந்து வாழும் எங்களைப் பற்றி இந்த இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். எழுதுவது நான்தான், ஆனால் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் கருத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் என்னோடு ஒத்துப்போகாத இடத்தில் அதையும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: படகு வீடு என்றதும் ஆலப்புழைதான் ஞாபகம் வருகிறது. உங்கள் படகு எப்படி இருக்கும் அக்கா? சமையல், குளியல் எல்லாம் எப்படி? (ஒரு வாசகி, திருச்சி)

ஆலப்புழைப் படகு மாதிரி விசாலமெல்லாம் கிடையாது. இங்கே இதற்கு நேரோபோட் என்று பெயர். அகலம் ஏழடிக்கு இரண்டு அங்குலம் குறைவு, அவ்வளவுதான். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் கால்வாய் வெட்டியவர்கள் செலவையும் தண்ணீரையும் மிச்சப்படுத்துவதற்காக லாக்குகளை ஏழடி அகலத்துக்கே கட்டிவிட்டார்கள். அதற்குள் நுழைகிற அகலத்தில்தான் இன்றைக்கும் படகு கட்ட வேண்டியிருக்கிறது. லாக் என்றால் இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு பெரிய தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தண்ணீரை நிரப்பினால் மேட்டுக்கு ஏறும், வடித்தால் பள்ளத்துக்கு இறங்கும். தண்ணீரை விடும் சின்ன மதகுகளைப் பெரும்பாலும் கையால் சுற்றித் திறப்பதுதான். அதற்கான இரும்புக் கைப்பிடியை விண்ட்லஸ் என்பார்கள். அது தண்ணீரில் விழுந்தால் போனதுதான், அதனால் எல்லாப் படகிலும் உபரியாக ஒன்று இருக்கும்.

எங்கள் படகு 57 அடி நீளம். வடக்கே யார்க்‌ஷையர் பக்கம் சில லாக்குகள் குட்டையானவை, இந்த நீளத்துக்குள் இருந்தால் ஏறக்குறைய எல்லா இடத்துக்கும் போகலாம். உள்ளே ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக: முன்னால் உட்காரும் இடமும் அடுப்பும், அப்புறம் சமையலறை, குளியலறை, கடைசியில் படுக்கை. ஒருவர் நடக்கும்போது இன்னொருவர் ஒதுங்க வேண்டும்.

சமையல் காஸ் சிலிண்டரில். தண்ணீரை முன்பக்கத் தொட்டியில், கரையோரக் குழாயிலிருந்து ஹோஸ் மாட்டி நிரப்பிக்கொள்வோம். அடுத்த குழாய் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொண்டுதான் துணி துவைப்பது, தலைக்குக் குளிப்பது எல்லாம். மின்சாரத்துக்குக் கூரையில் சோலார், கீழே பேட்டரி. கோடையில் அது தாராளம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இன்ஜினை ஓட்டித்தான் பேட்டரி ஏற்ற வேண்டும், ஆகவே இட்லிக்கு அரைப்பதென்றால் படகு நகர்கிற நேரம் பார்த்துத்தான் கிரைண்டர் போடுவேன். மாவுப் பாத்திரம் ராத்திரி முழுக்க நிலக்கரி அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும், நன்றாகவே புளிக்கிறது.

கழிவறையைப் பற்றிப் பாதிப்பேர் கேட்டிருக்கிறீர்கள். எங்களுடையது கேசட் வகை. நிறைந்ததும் பெட்டியைக் கழற்றி, எல்சான் என்று சொல்லப்படும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவ வேண்டும். பிடிக்காத வேலைதான், ஆனால் பழகிவிடுகிறது. பழகாத விஷயம் குளிர்காலத்தில் ஜன்னல் கம்பிகளில் கோத்துக்கொள்ளும் ஈரம். தினமும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மெத்தைக்கு அடியில் பூஞ்சை வந்துவிடும். இன்னொன்று, அடுப்புப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு. வாசனையே தெரியாமல் தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். 2019 ஏப்ரலிலிருந்து படகில் அதற்கான அலாரம் இருந்தே ஆக வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ரொம்பத் தேவையான விதி.

கேள்வி: இரண்டு வாரத்துக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக் கூடாது என்று படித்தேன். ஏன் அப்படி? வேலைக்கு எப்படிப் போகிறீர்கள்? (ஒரு வாசகர், கோவை)

படகுக்காரர்களில் இரண்டு வகை உண்டு. காசு கொடுத்து நிரந்தரமாக ஒரு மூரிங், அதாவது படகு கட்டும் இடம், வைத்திருப்பவர்கள் ஒரு வகை. அப்படி எதுவும் இல்லாமல் நகர்ந்துகொண்டே இருப்பவர்கள் இன்னொரு வகை, கன்டினியுவஸ் குரூஸர் என்பார்கள். நாங்கள் இரண்டாவது. 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம் எங்களைப் போன்றவர்களுக்கு வைத்த நிபந்தனை இதுதான்: படகை உண்மையாகவே பயணத்துக்குப் பயன்படுத்த வேண்டும், எந்த ஓர் இடத்திலும் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, நியாயமான காரணம் இருந்தால் கொஞ்சம் கூடுதலாக நிற்கலாம்.

எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று சட்டத்தில் எந்த எண்ணும் இல்லை. முக்கால்வாசிச் சண்டை இதனால்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2,000 மைல் நீர்வழியை கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. 2012 வரை அது அரசு நிறுவனமாக இருந்தது. இரண்டு பாலத்துக்கு நடுவே போய்த் திரும்பிப் போய்த் திரும்பி இருப்பதைப் பயணமாக அவர்கள் ஏற்பதில்லை, வருஷத்தில் ஒரு நல்ல தூரம் கடந்திருக்க வேண்டும் என்கிறார்கள். தனியாள் என்றால் இது சமாளிக்கக் கூடியதுதான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிற குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீடு தள்ளிப் போகும், பள்ளிக்கூடம் அங்கேயே இருக்கும். விடிகாலையில் இருட்டோடு சைக்கிளின் முன்னால் பிள்ளையை உட்காரவைத்துக் கரைப்பாதையில் ஓட்டிக்கொண்டு போகிற அம்மாக்களை நான் ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கிறேன். ‘நியாயமான காரணம்’ என்ற வார்த்தைக்குள் அந்தப் பிள்ளையின் படிப்பும் வர வேண்டும் என்பது என் கருத்து, அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். இவர் கணக்கு வேலை பார்க்கிறார், இன்டர்நெட் இருந்தால் போதும். நான் நர்ஸ், ஏஜென்சி மூலமாக ஷிஃப்ட் எடுக்கிறேன், அதனால் எந்த ஊர்ப் பக்கம் நிற்கிறோமோ அந்த ஊரில் வேலை கிடைக்கும். குளிர்காலத்தில் ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிற கால்வாயாகப் பார்த்து வந்துவிடுவோம்.

கேள்வி: எவ்வளவு வேகம் போகும்? (பள்ளி மாணவர், ஈரோடு)

மணிக்கு நான்கு மைல்தான் உச்ச வரம்பு தம்பி. கட்டிக் கிடக்கிற படகுகளைக் கடக்கும்போது அதையும் குறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அலையில் அவர்கள் கயிறு அறுந்துபோகும். லண்டனிலிருந்து பர்மிங்காமுக்கு கிராண்ட் யூனியன் கால்வாய் 137 மைல், வழியில் 166 லாக்குகள். அவசரப்படாமல் போனால் இரண்டு வாரம். ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.

கேள்வி: முகவரியே இல்லாமல் அங்கே எப்படி வாழ முடிகிறது? இங்கே ஒரு ரேஷன் கார்டு வாங்கவே முகவரிச் சான்று கேட்கிறார்கள். (ஒரு வாசகி, சேலம்)

இந்தக் கேள்விக்கு நன்றி அம்மா. எங்கள் வாழ்க்கையின் உண்மையான கஷ்டம் குளிரும் இல்லை, கழிவறையும் இல்லை, இதுதான்.

சில கதவுகள் திறந்திருக்கின்றன. மருத்துவரிடம் பதிவு செய்ய முகவரிச் சான்று வேண்டியதில்லை என்று தேசிய சுகாதார சேவையின் விதியே சொல்கிறது. ஆனால் வரவேற்பு மேஜையில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் நாம்தான் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். வாக்காளர் பட்டியலில் சேர, நிரந்தர முகவரி இல்லாதவர்களுக்காகவே ஒரு படிவம் இருக்கிறது. எந்த ஊரில் அதிகம் இருக்கிறோமோ அந்த ஊரோடு தொடர்பு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் அங்கே வாக்களிக்கலாம். 2023லிருந்து இங்கிலாந்தில் வாக்குச்சாவடிக்குப் படம் போட்ட அடையாள அட்டையும் கொண்டுபோக வேண்டும். வங்கி, கார் காப்பீடு இரண்டுக்கும் உறவினர் வீட்டு முகவரிதான் கைகொடுக்கிறது. உறவினர் இல்லாதவர்களின் பாடு திண்டாட்டம்.

2022ஐ நான் மறக்க மாட்டேன். ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்த பிறகு டீசல், நிலக்கரி, காஸ் எல்லாமே எகிறிவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் அரசு ஒவ்வொரு வீட்டுக்கும் 400 பவுண்டு எரிசக்தி உதவி கொடுத்தது. மின்கட்டண ரசீதில் கழித்துக்கொள்வார்கள். எங்களுக்கு ரசீதே கிடையாது. ரசீது இல்லாதவர்களுக்கு மாற்றுத் திட்டம் என்று ஒன்று அறிவித்தார்கள், ஆனால் அதற்கும் நிலையான முகவரி வேண்டும். நிரந்தர மூரிங் இல்லாத நாங்கள் அதற்குள்ளும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் கட்டியிருந்த ஒரு வயதானவர் நிலக்கரியை மிச்சப்படுத்த மாலையில் மட்டும் அடுப்பு மூட்டினார். அவருக்கும் குளிரும், அவரும் இந்த நாட்டில் உழைத்து வரி கட்டியவர். ஓர் அரசு உதவி செய்ய நினைக்கிறபோதே கதவிலக்கத்தை வைத்துத்தான் ஆட்களை எண்ணுகிறது என்றால், கதவிலக்கம் இல்லாதவர்கள் எண்ணிக்கையிலேயே வருவதில்லை.

‘நீங்கள் உள்ளாட்சி வரி கட்டுவதில்லையே’ என்று கரையில் நடப்பவர்கள் சிலர் நேருக்கு நேராகவே கேட்பார்கள். ஆமாம், நிரந்தர மூரிங் இல்லாததால் கட்டுவதில்லை. படகு உரிமத்துக்கு வருஷம் ஆயிரம் பவுண்டுக்கு மேல் கட்டுகிறோம். தண்ணீர்க் குழாயும் குப்பைத் தொட்டியும் அதிலிருந்துதான் வருகின்றன.

கேள்வி: உங்களைப் போன்றவர்களுக்குக் கட்டணத்தை உயர்த்தியதாகவும் போராட்டம் நடந்ததாகவும் செய்தி பார்த்தேன். உங்கள் நிலை என்ன? (ஒரு வாசகர், மதுரை)

2024 ஏப்ரலிலிருந்து நிரந்தர மூரிங் இல்லாத படகுகளுக்கு உரிமக் கட்டணத்தோடு ஒரு கூடுதல் கட்டணம் சேர்த்தார்கள். முதல் வருஷம் 5 சதவீதம், படிப்படியாக ஏறி 2028இல் 25 சதவீதம் ஆகும். இதை எதிர்த்துப் படகுவாசிகளின் சங்கங்கள் தெருவில் இறங்கின.

இதில் எங்கள் படகுக்குள்ளேயே இரண்டு கட்சி. இவர் சொல்வது: கரையோரக் குழாய், குப்பை, எல்சான் எல்லாவற்றையும் அதிகம் பயன்படுத்துவது நாம்தான், மெரினாவில் (காசு கொடுத்துப் படகு நிறுத்தும் துறை) இருப்பவன் அதற்கெல்லாம் தனியாகக் காசு கொடுக்கிறான், ஆகவே நாம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பில்லை. நான் சொல்வது: மூரிங் வாங்க வசதி இல்லாமல்தான் பல பேர் நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். லண்டனில் வீட்டு வாடகை ஏற ஏறப் படகுகளும் பெருகியதை எல்லோரும் பார்த்தோம். அவர்கள் விரும்பி வந்த சுற்றுலாப் பயணிகள் கிடையாது. இருப்பதில் இல்லாதவனைத் தேடிப் பிடித்து அவனிடம் அதிகம் வாங்குவது சரியில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. இந்தப் பணப் பற்றாக்குறை படகுக்காரர்களால் வந்ததில்லை. 2012இல் அறக்கட்டளை தொடங்கியபோது அரசு செய்துகொண்ட மானிய ஒப்பந்தம் 2027இல் முடிகிறது. அதற்கு அடுத்த பத்து வருஷத்துக்கு 401 மில்லியன் பவுண்டு தருவதாக 2023 ஜூலையில் அறிவித்தார்கள். விலைவாசியைக் கணக்கில் எடுத்தால் இது முன்பு கிடைத்ததைவிட 300 மில்லியனுக்கும் மேல் குறைவு என்கிறது அறக்கட்டளை. சில ஆயிரம் படகுகளிடம் கால் பங்கு கூடுதலாக வாங்கி அந்தப் பள்ளத்தை மூட முடியாது. கணக்கு வேலை பார்க்கிற இவரே அதை ஒப்புக்கொள்கிறார்.

கால்வாய்க் கரையில் நடப்பவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள், மீன் பிடிப்பவர்கள், நாயோடு வருபவர்கள் எல்லோரையும் சேர்த்தால் படகுக்காரர்கள் ஒரு சிறு கூட்டம்தான். அந்தக் கரைப்பாதைக்கு யாரும் டிக்கெட் வாங்குவதில்லை, வாங்கவும் கூடாது. எல்லோரும் அனுபவிக்கிற பொதுச் சொத்துக்குப் பொதுப் பணம் வர வேண்டும், அவ்வளவுதான் நாங்கள் கேட்பது.

கேள்வி: கால்வாய்க் கரை உடைந்து படகுகள் பள்ளத்தில் கிடந்த படம் பார்த்துப் பதறிவிட்டேன். நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா? அப்படி எப்படி நடக்கும்? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

நாங்கள் அங்கே இல்லை, வெகு தூரத்தில் இருந்தோம். 2025 டிசம்பர் 22 அதிகாலை, ஷ்ராப்‌ஷையரில் விட்சர்ச் ஊருக்குப் பக்கத்தில் லாங்கோலன் கால்வாயின் கரை உடைந்து, பெரிய பள்ளம் விழுந்து, கட்டியிருந்த படகுகள் அதற்குள் சரிந்தன. தூக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள், யாருக்கும் காயமில்லை. படத்தைப் பார்த்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. அது ஒரு வீடு, உள்ளே அவர்களுடைய போர்வையும் பாத்திரமும் இருக்கும், கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

பல இடங்களில் கால்வாய் சுற்றியுள்ள நிலத்தைவிட உயரத்தில் போகிறது. இரண்டு பக்கமும் மண்ணைக் கொட்டிக் கரைமேடு எழுப்பி, நடுவில் குழைத்த களிமண்ணை மிதித்து மிதித்துப் பூசி, அதன்மேல் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள். 1761இல் திறந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாயைக் கட்டிய ஜேம்ஸ் பிரிண்ட்லி காலத்து முறை இது. சிமெண்ட் கிடையாது, கம்பி கிடையாது. அந்தக் களிமண் ஈரமாக இருக்கிற வரைக்கும் தண்ணீரை விடாது. காய்ந்து வெடித்தாலோ, மரவேர் புகுந்தாலோ, வளைக்கரடி குடைந்தாலோ, கீழே ஓடையைக் கடத்துகிற பழைய குழாய் நொறுங்கினாலோ சின்னதாக ஒரு கசிவு தொடங்கும். கசிவு மண்ணை அரித்துக்கொண்டு போகும், அப்புறம் ஒரு கட்டத்தில் மொத்தமாகப் போய்விடும். அந்த நேரத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான்: உடைப்புக்கு இரண்டு பக்கமும் கரைச் சுவர்களில் காடி வெட்டி வைத்திருக்கிற இடங்களில் கால்வாயின் குறுக்கே பலகைகளை இறக்கி, மீதித் தண்ணீர் வடிந்துவிடாமல் தடுப்பது. விட்சர்ச்சில் எதனால் உடைந்தது என்று நான் ஊகிக்கப் போவதில்லை, பொறியாளர்கள் சொல்ல வேண்டியது அது.

ஒரே வருஷத்தில் இது இரண்டாவது பெரிய உடைப்பு. 2025 புத்தாண்டு அன்று, கடுமையான மழைக்குப் பிறகு, செஷையரில் டன்ஹாம் மாஸி அருகே பிரிட்ஜ்வாட்டர் கால்வாயே உடைந்தது. அது தனியாருக்குச் சொந்தமான கால்வாய். அதற்கு முன்னால் 2019 ஆகஸ்டில் வேலி பிரிட்ஜ் ஊருக்கு மேலே இருக்கும் டாட்புரூக் நீர்த்தேக்கத்தின் வழிந்தோடி சேதமாகி, அணை போய்விடுமோ என்று சுமார் 1,500 பேரை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள், ராணுவ ஹெலிகாப்டர் வந்து மூட்டை மூட்டையாகக் கல் கொட்டியது. கால்வாய்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் கட்டிய அணை அது.

இருநூறு வருஷத்துக்கு முந்தைய மண்வேலை இவையெல்லாம். மழை முன்பைவிட மூர்க்கமாகப் பெய்கிறது, வெயிலும் மூர்க்கமாகக் காய்கிறது, பராமரிப்புக்கான பணமோ குறைந்துகொண்டே போகிறது. கரையை நடந்து நடந்து கசிவைத் தேடுகிற ஆட்களுக்குச் சம்பளம் கொடுப்பது, உடைந்த பிறகு கட்டுவதைவிட மலிவு. கரைமேட்டின்மேல் படகு கட்டியிருக்கும் இரவுகளில் மறுபக்கம் இறங்கி, புல்லில் புதிதாக ஈரம் தெரிகிறதா என்று இவர் இப்போதெல்லாம் டார்ச் அடித்துப் பார்க்கிறார். நீங்களும் எங்கேயாவது கரைப்பாதையில் நடக்க நேர்ந்தால், கரையின் அடிவாரத்தில் கலங்கல் தண்ணீர் கசிவதைப் பார்த்தால் உடனே சொல்லுங்கள். தெளிந்த கசிவுகூடப் பழையதாக இருக்கலாம், கலங்கலாக வந்தால் மண் கரைகிறது என்று அர்த்தம்.

கேள்வி: எப்போதும் மழை பெய்கிற நாட்டில் வறட்சியா? 2025இல் கால்வாய்களை மூடினார்களாமே! (ஒரு விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்)

ஐயா, நானும் கும்பகோணம் பக்கத்துப் பெண். ஜூன் 12 மேட்டூர் திறக்குமா என்று கேட்டுக்கொண்டே வளர்ந்தவள், அதனால் உங்களுக்கு இதைச் சொல்வது சுலபம். 2025இன் வசந்த காலம் இங்கிலாந்தில் நூறு வருஷத்துக்கும் மேலாகக் காணாத வறண்ட வசந்தம். அடுத்து வந்த கோடை பிரிட்டனில் பதிவானதிலேயே மிக வெப்பமான கோடை. கால்வாய் ஆறு மாதிரி தானாக ஓடுவதில்லை. மேட்டின் உச்சியில் நீர்த்தேக்கம் வைத்து அதிலிருந்து இரண்டு பக்கமும் இறக்க வேண்டும். ஒரு படகு ஒரு குறுகிய லாக்கைக் கடந்தால் ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல் தண்ணீர் கீழே போய்விடும். அகல லாக் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. தேக்கத்தில் இல்லாதபோது லாக்கைப் பூட்டுவதைத் தவிர வழியில்லை. லீட்ஸ் அண்ட் லிவர்பூல் கால்வாயில் நீண்ட தூரம் மூடினார்கள், மேக்கல்ஸ்ஃபீல்ட், பீக் ஃபாரஸ்ட் கால்வாய்களும் மூடப்பட்டன. முன்னே சொன்ன டாட்புரூக், பழுதுபார்ப்பதற்காக 2019லிருந்தே காலியாகக் கிடந்தது, அந்தக் குறை அந்தப் பக்கத்துக்கு நன்றாகவே தெரிந்தது.

நகர வழியில்லாமல் பூட்டின லாக்குகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். தண்ணீர் இறங்கி இறங்கிச் சில படகுகள் சேற்றில் சாய்ந்தன. சாய்ந்த படகில் பாத்திரம் நிற்காது, தூங்கவும் முடியாது. இங்கே தண்ணீர் பஞ்சத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் புல்வெளிக்குக் குழாய் பிடிக்கத் தடை வந்ததைத்தான் பெரிதாகப் பேசினார்கள்.

கேள்வி: படகில் குடும்பமாக வாழ்வது அங்கே புதுப் பழக்கமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநெல்வேலி)

புதிது இல்லை டீச்சர். ரயில் வந்து போட்டி போட்டபோது கால்வாயில் கூலி சரிந்தது. கரையில் ஒரு வீடு, படகில் ஒரு ஆள் என்று வைத்துக்கொள்ள முடியாமல், சரக்குப் படகுக்காரர்கள் மனைவி மக்களையும் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். பின்பக்கத்தில் பத்தடி நீள அறை, அதற்குள் அடுப்பு, மடக்குக் கட்டில், மொத்தக் குடும்பம். மீதி இடமெல்லாம் நிலக்கரிக்கு. பெண்கள் பிள்ளையைப் பெற்றுக்கொண்டு, குதிரையையும் ஓட்டிக்கொண்டு, லாக்கும் திறந்தார்கள், ஆனால் சம்பளம் கணவன் பெயரில்தான். ஜார்ஜ் ஸ்மித் என்பவர் விடாமல் குரல் கொடுத்ததால் 1877இல் கால்வாய்ப் படகுகள் சட்டம் வந்து, படகைக் குடியிருப்பாகப் பதிவு செய்து சோதிக்கத் தொடங்கினார்கள். ஆக ஏறக்குறைய 150 வருஷத்துக்கு முன்னாலேயே படகும் ஒரு குடியிருப்புதான் என்று சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. 1962–63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன, சரக்குப் போக்குவரத்து அதோடு ஏறக்குறைய முடிந்துபோனது. அந்தக் குடும்பங்கள் கரையேறிவிட்டார்கள். அவர்கள் கட்டிக் காத்த வழியில்தான் இன்று சுமார் 35,000 படகுகள் மிதக்கின்றன.

கேள்வி: எங்கள் பக்கிங்காம் கால்வாயை ஒருநாளாவது இப்படிப் பார்க்க முடியுமா? (ஒரு வாசகர், மயிலாப்பூர், சென்னை)

அந்தக் கால்வாயின் பெயரில் இருப்பவர் சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபு. 1877–78 பஞ்சத்தில் கூலிக்கு ஆள் வைத்து, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற துண்டை வெட்டினார்கள். பட்டினி கிடந்தவர்களின் உழைப்பு அது. வடக்குப் பகுதி அதற்கும் முந்தியது, 1806இல் தொடங்கியது. ஆந்திரப் பக்கமிருந்து மரக்காணம் பக்கம் வரை 400 கிலோமீட்டருக்கு மேல், விறகும் உப்பும் படகில் வந்தன. பேசின் பிரிட்ஜ் பெயர்கூட அந்தப் படகுத் துறையைத்தான் சொல்கிறது.

இங்கேயும் 1960களில் பல கால்வாய்கள் குப்பையும் சேறுமாகத்தான் கிடந்தன. பாத் நகருக்குப் போகும் கென்னட் அண்ட் ஏவன் கால்வாயைத் தன்னார்வலர்கள் பல பத்தாண்டு தூர்வாரி, 1990இல் ராணி வந்து திறந்துவைத்தார். ஆகவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாயிலேயே இறக்கிவிட்டார்கள், அதை யாரும் பிடுங்கப் போவதில்லை. படகு விடுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் சாக்கடையை அதில் விடுவதை நிறுத்த வேண்டும். வெள்ளம் வடிய அந்த ஊருக்கு அது எவ்வளவு தேவை என்று 2015இல் எல்லோரும் பார்த்தோம். கரையோரத்தில் குடியிருக்கும் ஏழைகளை மட்டும் கிளப்பிவிட்டு ‘அழகுபடுத்தினோம்’ என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: மகளைப் பார்க்க ஜூனில் இங்கிலாந்து வருகிறோம். ஒரு வாரம் படகு வாடகைக்கு எடுக்க முடியுமா? எங்களுக்கு அறுபது வயதுக்கு மேல். (ஒரு தம்பதி, புதுச்சேரி)

தாராளமாக முடியும். ஓட்டுநர் உரிமம் மாதிரி எதுவும் வேண்டாம், கொடுப்பவர்களே உங்களோடு வந்து ஸ்டியரிங் பிடிப்பதும் லாக் திறப்பதும் சொல்லிக் கொடுப்பார்கள். டில்லரை, அதாவது படகின் பின்னால் இருக்கும் சுக்கான் கைப்பிடியை, எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கம் படகின் மூக்கு திரும்பும், அரை மணி நேரத்தில் கை பழகிவிடும். லாக் கதவு கனம், அதை முதுகால்தான் தள்ள வேண்டும், ஆகவே மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

முதல் தடவை என்றால் கென்னட் அண்ட் ஏவனில் பாத்துக்கும் பிராட்ஃபோர்ட் ஆன் ஏவனுக்கும் நடுவே போங்கள். பாத்தின் மேல்பகுதியிலிருந்து பிராட்ஃபோர்ட் வரை லாக்கே இல்லாமல் நிம்மதியாகப் போகலாம், வழியில் ஆற்றுக்கு மேலே கால்வாயைத் தூக்கிக்கொண்டு போகிற இரண்டு கல் பாலங்கள் வரும். லாங்கோலன் கால்வாயில் போக ஆசை என்றால், விட்சர்ச் உடைப்பின் நிலைமையைப் படகு கொடுப்பவர்களிடம் கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள். அங்கே 1805இல் முடித்த போன்ட்கசெல்த்தே என்ற இரும்புத் தொட்டிப் பாலம், பள்ளத்தாக்குக்கு 126 அடி உயரத்தில் போகும். கரைப்பாதைப் பக்கம் கம்பி இருக்கும், மறுபக்கம் தொட்டியின் விளிம்பு மட்டும்தான், படகிலிருந்து பார்த்தால் நேரே கீழே டீ ஆறு. தலைசுற்றல் இருக்கிறவர்கள் அந்தப் பத்து நிமிஷம் உள்ளே உட்கார்ந்துகொள்ளலாம்.

ஜூனிலும் ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள். அரிசி, பருப்பு, மசாலாவை முதல் நாளே பெரிய ஊரில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கால்வாயோரக் கிராமக் கடைகளில் கிடைக்காது. உங்கள் பயணத் தேதி முடிவானதும் இதழுக்கு எழுதுங்கள், நாங்கள் அந்தப் பக்கம் நின்றால் சாப்பிட வாருங்கள்.